காரில்லாமல் மலையேறலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

மலையில் நடக்க ஆசைப்படுகிற பலர் ‘சொந்த வண்டி இல்லை, வாடகைக் கார் பிடிக்கக் கட்டுப்படியாகாது’ என்று ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு மலைகளைப் பொறுத்தவரை இந்தத் தயக்கத்துக்கு அவசியமில்லை. அரசுப் பேருந்து ஏறாத மலைநகரம் இங்கே கிடையாது. பல பாதைகள் பேருந்து நிறுத்தத்திலேயே தொடங்குகின்றன. ஆனால், பேருந்து போகிற இடமெல்லாம் நடக்க அனுமதி உள்ள இடம் ஆகிவிடாது. எங்கே நடக்கலாம், எப்போது திரும்ப வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தவருக்கு மலைப் பேருந்தைவிட நல்ல துணை வேறில்லை. இது பற்றி அடிக்கடி எழும் கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே:

எந்தெந்த மலைகளுக்கு அரசுப் பேருந்திலேயே போய்விட முடியும்?

நீலகிரிக்குக் கோவையில் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பேருந்து நிலையத்திலிருந்தும், மேட்டுப்பாளையத்திலிருந்தும் நாள் முழுக்கப் பேருந்துகள் உண்டு. குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போவது ஒரு பாதை, கோத்தகிரிக்கு ஏறுவது இன்னொரு பாதை. கொடைக்கானலுக்கு மதுரை, திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களிலிருந்து போகலாம். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்தும், வால்பாறைக்குப் பொள்ளாச்சியிலிருந்தும், ஏலகிரிக்குத் திருப்பத்தூர், ஜோலார்பேட்டையிலிருந்தும், கொல்லிமலைக்கு நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரத்திலிருந்தும் வண்டிகள் ஓடுகின்றன.

மலைநகரத்தில் இறங்கியதும் இரண்டாவது பேருந்து ஒன்று காத்திருக்கும். நடக்க வருகிறவருக்கு உண்மையில் உதவுவது இந்த உள்ளூர்ப் பேருந்துதான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி நிலையங்களிலிருந்து சுற்றியுள்ள ஹட்டி எனப்படும் சிற்றூர்களுக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சிறிய பேருந்துகள் போய்வருகின்றன. ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடந்து, வேறொரு நிறுத்தத்தில் ஏறித் திரும்பலாம். காரில் வந்தவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பி நடந்தாக வேண்டும். பேருந்தில் வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்கள் எங்கே இறங்க வேண்டும்?

நீலகிரிக்கு மேட்டுப்பாளையம், கொடைக்கானலுக்குக் கொடைரோடு, ஏற்காட்டுக்குச் சேலம், ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து காலை 7.10 மணிக்கு மலை ரயில் புறப்படும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போடப்பட்ட இந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து மெதுவாக ஏறுவதால் ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். அன்றைக்கே நடந்துவிட்டுத் திரும்ப நினைப்பவருக்கு இது ஒத்துவராது, பேருந்தே வசதி. மலை ரயிலை அனுபவிக்க விரும்பினால் குன்னூரில் ஏறுங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பகலில் பல முறை ஓடும் வண்டி வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்களில் நின்று போகும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்கிறார்களே, பேருந்தில் போகிறவரும் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் வாகனத்துக்கானது, ஆளுக்கானது அல்ல. வெளியூரிலிருந்து வரும் சொந்த வாகனங்களும் வாடகை வாகனங்களும் அதை எடுக்க வேண்டும். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்பது கணக்கு. மலைச்சாலை தாங்கும் அளவு இவ்வளவுதான் என்று நீதிமன்றமே வரம்பு கட்டும் நிலை வந்தபின், ஐம்பது பேரை ஒரே வண்டியில் ஏற்றிவரும் பேருந்தின் அருமை தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கே அனுமதி இல்லாமல் நடக்கலாம்? எங்கே அனுமதி கட்டாயம்?

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாதைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, பொதுச் சாலையும் ஊர்ப் பாதையும். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு மக்கள் அன்றாடம் நடக்கும் வழிகள் இவை. இவற்றுக்கு யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள். ஆனால், நடுவே காடு குறுக்கிட்டால் விதி மாறிவிடும்.

இரண்டாவது, நுழைவுச்சீட்டு வாங்கிப் போகும் அருவிகள், காட்சிமுனைகள், கோவில் படிகள். வாயிலில் பணம் கட்டி, குறித்த நேரத்துக்குள் போய்வர வேண்டும்.

மூன்றாவது, காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம். இங்கே அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும், 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு வகைசெய்கின்றன. ‘எல்லோரும் போகிறார்களே’, ‘இணையத்தில் வழி போட்டிருக்கிறதே’ என்ற பதில்கள் வனச்சரகர் முன் எடுபடாது.

பேருந்து போகிறது என்பதும் அனுமதி ஆகாது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் தெங்குமரஹாடாவுக்குக் கோத்தகிரியிலிருந்து பேருந்து உண்டு. ஆற்றங்கரையில் இறங்கிப் பரிசலில் கடந்துதான் ஊருக்குள் போக முடியும். அந்தப் பேருந்து அங்கே வாழும் மக்களுக்காக ஓடுவது. சுற்றிலும் யானையும் புலியும் நடமாடும் காடு என்பதால், வெளியாட்கள் அனுமதி இல்லாமல் சுற்றிப்பார்க்கப் போக முடியாது.

ஒரு நடைக்கு இத்தனை கட்டுப்பாடு ஏன்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் நடந்ததை மறக்க முடியாது. கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

காட்டுத்தீ சரிவில் மேல்நோக்கிப் போகும்போது வேகமெடுக்கும். கீழே எரியும் சுவாலையின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். பிறகு ஒரு பொறி போதும். பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் பகல் நேரக் காற்றும் சேர்ந்துகொண்டால், ஏறி ஓடும் மனிதனால் அதை முந்த முடியாது. மார்ச் மாதத்துப் புல்சரிவில் புதிதாக வந்தவருக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றே தெரியாது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் உடன்வர வேண்டும், யார் எந்தப் பாதையில் போகிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும், தீ மூளும் பருவத்தில் பாதைகளை மூட வேண்டும் என்பவையெல்லாம் இதனால்தான். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு 2018-லேயே கொண்டுவந்தது.

முறையாக அனுமதி பெற்று நடக்க என்ன வழி?

2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து நடத்தும் இதில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதமானது, கடினம் என்று பாதைகள் மூன்றாகத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பாதையையும் நாளையும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் போதும். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன்வருவார்கள். அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். காட்டைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே படித்தவர்கள் அவர்கள். எச்சத்தைப் பார்த்து எந்த விலங்கு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள்.

பேருந்தில் வருபவர்கள் முன்பதிவுக்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடை தொடங்கும் இடத்துக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது அதிகாலையாகவோ காலையாகவோ இருக்கும். அந்த நேரத்துக்குள் முதல் பேருந்து வந்து சேருமா என்று பாருங்கள். சேராது என்றால் முந்தைய நாளே வந்து மலைநகரத்தில் தங்கிவிடுவது நல்லது. கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கெய்ர்ன் ஹில், ஏலகிரி சுவாமிமலை போன்றவை ஊரை ஒட்டியே இருப்பதால் பேருந்துப் பயணிகளுக்குத் தோதானவை. கொடைக்கானலில் வட்டக்கானல்–வெள்ளகவி பாதையும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது செங்குத்தான இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

முதல்முறை போகிறவருக்கு எது பொருத்தம்?

மூன்று இடங்களைச் சொல்லலாம். மூன்றுக்கும் பேருந்து போதும்.

முதலில் கொல்லிமலை ஆகாயகங்கை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சோளக்காடு, செம்மேடு வழியாக அறப்பளீஸ்வரர் கோவில் பக்கம் வரை பேருந்து போகும். கோவிலுக்கு அருகிலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. தொடக்கத்தில் படிகள் அகலமாகத்தான் இருக்கும். போகப் போக ஒடுங்கி, செங்குத்தாகி, மரநிழலில் பாசி பிடித்து வழுக்கும். அருவி கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே அதன் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும்; படிகளின் கடைசித் திருப்பத்தில் சாரல் முகத்தில் அடிக்கும். அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம் அது. இறங்கும்போது எல்லோருக்கும் உற்சாகம்தான். திரும்பி ஏறும்போதுதான் தொடைகள் கணக்குக் கேட்கும். இறங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் அதிகமானால் அருவிக்குப் போக விடமாட்டார்கள்.

இரண்டாவது ஏலகிரி. 14 வளைவுகளில் மலை ஏறிவிடும். மேலே மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்குப் பாதை தொடங்குகிறது. ஏறி இறங்க அரை நாள் தாராளம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் ரயில்கள் ஜோலார்பேட்டையில் நிற்பதால், காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிட முடிகிற மலை இது.

மூன்றாவது கோத்தகிரி. 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை, பேருந்து நிலையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த பழைய சோலைக்காடு இது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தாலும் உள்ளே நுழைந்ததும் குளிர் தோளில் ஏறும். மரத்தண்டு முழுக்கப் பாசி, காலடியில் மட்கிய இலை மெத்தை. அந்த மெத்தை மழைநீரை உறிஞ்சிவைத்து ஓடைகளில் சிறுகச் சிறுக விடுவதால்தான் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கோடையிலும் தண்ணீர் வருகிறது. நீலகிரியில் சோலையை அழித்த இடங்களில் ஓடை வற்றியது ஏன் என்பது இங்கே ஒரு மணி நேரம் நடந்தாலே புரிந்துவிடும்.

மலை ரயில் பாதையில் நடந்து போகலாமா? சிலர் படம் எடுத்துப் போடுகிறார்களே?

கூடவே கூடாது. இருப்புப்பாதையில் அத்துமீறி நடப்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்க அதில் இடமுண்டு. இந்தப் பாதையில் 16 குகைகளும் 250 பாலங்களும் உள்ளன. பாலத்தின் நடுவில் நிற்கும்போது வண்டி வந்துவிட்டால் ஒதுங்க இடமே கிடையாது. கல்லாறு முதல் குன்னூர் வரைக்கும் யானைகள் நடமாட்டமும் உண்டு.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கலாம்தானே?

தோட்டம் தனியார் நிலம். காவலாளியிடமோ அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு போவதே மரியாதை. மருந்து தெளிக்கும் நாட்களில் உள்ளே போகாமல் இருப்பது உங்கள் நலனுக்கும் நல்லது.

தோட்டம் என்பதால் விலங்கு வராது என்று நினைக்க வேண்டாம். குன்னூர், கோத்தகிரி பக்கங்களில் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் தேயிலைக்குள் சகஜமாக நடமாடுகின்றன. காட்டெருமை நின்று பார்த்தால் நீங்களும் நின்றுவிடுங்கள். கூச்சல் போடாமல், முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். படமெடுக்க நெருங்கிய பலர் குத்துப்பட்டிருக்கிறார்கள். கரடி அதிகாலையிலும் மாலையிலும் வெளியே வரும். அந்த நேரங்களில் தனியாக நடக்காதீர்கள்.

வால்பாறையில் யானை நடமாட்டத்தை மக்களுக்குத் தெரிவிக்கக் குறுஞ்செய்திகளும், செல்போன் வழியாக எரியவிடும் சிவப்பு விளக்குகளும் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. விளக்கு எரிந்தால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள். உள்ளூர்க்காரர் ‘இப்ப அந்தப் பக்கம் போகாதீங்க’ என்று சொன்னால், மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் என்ன செய்வது?

பேருந்தை நம்பி நடப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி ஒன்று உண்டு: கடைசிப் பேருந்தைக் கணக்கில் வைக்காதீர்கள், அதற்கு முந்தைய பேருந்தையே உங்கள் கடைசிப் பேருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். மலையில் வண்டி பழுதாகலாம், மரம் விழலாம், ஒரு நடை ரத்தாகலாம்.

போகும்போதே நடத்துநரிடம் ‘இந்த வண்டி திரும்ப எத்தனை மணிக்கு? அடுத்த நடை உண்டா?’ என்று கேட்டுவிடுங்கள். மலையூர்ப் பேருந்தில் நடத்துநருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. எந்த நிறுத்தத்தில் டீக்கடை இருக்கிறது, எங்கே நேற்று கரடி வந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். நிலையத்தில் இருக்கும் நேரக் காப்பாளர் சொல்லும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பழையவையாக இருக்கலாம்.

‘நைட் ஹால்ட்’ வண்டி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் கடைசியாக ஊருக்குப் போகும் பேருந்து அங்கேயே தங்கி, விடிகாலையில்தான் கீழே இறங்கும். போர்டைப் பார்த்து ஏறினால் ஊருக்குள் போய்ச் சேர்வீர்கள், திரும்பி வரமாட்டீர்கள்.

மதியம் மூன்று மணிக்கு மேல் மலையில் மூடுபனி இறங்கிவிடும். பத்தடி தூரத்தில் இருக்கும் பாதை தெரியாது. ஆகவே மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும், உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான் என்று தோன்றினாலும், திரும்பத் தொடங்குங்கள். அப்படியும் வண்டி போய்விட்டால் இருட்டில் சாலையில் நடக்காமல் அருகிலுள்ள ஊருக்குள் போய் உதவி கேளுங்கள். அவசரத்துக்கு 112, மருத்துவ உதவிக்கு 108.

எந்த மாதங்கள் நல்லவை?

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீ அபாயக் காலம். 2025-ல் அரசின் மலையேற்றப் பாதைகள் இந்தக் காலத்தில் மூடப்பட்டன. மே மாதம் மலையேறும் சாலைகளில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். நெரிசலைச் சமாளிக்க ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்து அறிவிப்பதும் உண்டு. உங்கள் பேருந்து வேறு வழியில் போகலாம் என்பதால் விசாரித்து ஏறுங்கள்.

மழையைப் பொறுத்தவரை நீலகிரியே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி என மேற்குப் பக்கத்தில் கொட்டும். அப்போது கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஓரளவு தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரிவதும், மலை ரயில் ரத்தாவதும் பெரும்பாலும் அப்போதுதான். கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மழை ஓய்ந்த ஜனவரியே நடப்பதற்கு மிகச் சிறந்த காலம். ஊட்டியில் அதிகாலை உறைபனி இருக்கும், கம்பளி அவசியம்.

வளைவுகளில் வாந்தி வருமே, என்ன செய்யலாம்?

முன்பக்க இருக்கையில் உட்காருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் ஆட்டம் அதிகம். செல்போனைப் பார்க்காமல் தொலைவில் இருக்கும் சாலையைப் பாருங்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘உடம்பு திரும்புகிறது’ என்கிறது. கண் செல்போன் திரையில் நிலைத்திருந்தால் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை தேவைப்படுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய பை. மழைக்கோட்டு, டார்ச், வேர்க்கடலையோ கடலைமிட்டாயோ, சில்லறைப் பணம், அடையாள அட்டை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு எதிராக நாட்டுக்கே முன்னோடியாகக் கிளம்பிய மாவட்டம் நீலகிரி. தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை உண்டு. பாட்டிலை நிரப்பிக்கொள்ள ஊட்டி, குன்னூர் போன்ற இடங்களில் தண்ணீர் ஏ.டி.எம்.கள் இருக்கின்றன. சோதனைச் சாவடியில் பிடிபடுவோம் என்பதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். உப்பும் உணவு வாடையும் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை யானையும் மானும் அப்படியே விழுங்கிவிடுகின்றன. அது குடலில் அடைத்துக்கொள்வதால் அவை சாகின்றன.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் மலையிலும் உண்டா?

உண்டு. 2021-ல் நகரப் பேருந்துகளில் தொடங்கிய விடியல் பயணத் திட்டம் பின்னர் மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. சமவெளியிலிருந்து ஏறும் தொலைதூரப் பேருந்துகளில் சீட்டு எடுக்க வேண்டும். ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் குழுவாக வருவதற்கும் பேருந்து நல்லது. தெரியாத ஓட்டுநரோடு தனியே போக வேண்டியதில்லை. வண்டி முழுக்க வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் உள்ளூர்ப் பெண்கள் இருப்பார்கள். வழி கேட்கவும் துணை தேடவும் அவர்களைவிட நம்பகமானவர்கள் யார்?

வெள்ளியங்கிரி, சதுரகிரி போன்ற கோவில் மலைகளுக்கும் இதே விதியா?

கோவில் மலைகளுக்கு வழக்கமும் விதியும் தனி. வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரை அனுமதி. கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டி அடிவாரத்துக்குப் பேருந்து உண்டு. ஏழு மலைகளையும் கடப்பது கடும் ஏற்றம். மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறந்த சம்பவங்கள் நடந்திருப்பதால், இதயநோய் உள்ளவர்கள் அடிவாரத்திலேயே தரிசனம் செய்துகொள்வது நல்லது.

சதுரகிரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போக வேண்டும். காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் வனத்துறை வாயிலைக் கடந்தாக வேண்டும். இரவில் மலையில் தங்க அனுமதி இல்லை. மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். 2015-ல் ஓடையில் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச்செல்லப்பட்ட பிறகு இதில் கண்டிப்பு கூடியது. மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ பெய்த மழை ஓடையில் வந்து சேரும். காலையில் நனையாமல் கடந்த ஓடை மாலையில் கடக்க விடாது.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த மலைகளுக்கு ஏழை எளிய மக்கள் காலங்காலமாகப் பேருந்தில் வந்து, நடந்து ஏறி, பேருந்தில் திரும்பியிருக்கிறார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை ஏறும் கூட்டத்தையும் அப்படித்தான் பேருந்துகள் சுமந்து செல்கின்றன. காரில்லாமல் மலையேறுவது புதுப் பழக்கம் அல்ல. நடுவில் நாம் மறந்த பழக்கம்.

மலைவாசிகளின் பேருந்தில் நாமும் ஏறினால் அவர்களுக்கு இடைஞ்சல் இல்லையா?

நியாயமான கேள்வி. காலையில் பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர்களும் போகும் நடையில் கூட்டமாக ஏறாதீர்கள். அதற்கு அடுத்த வண்டி உங்களுக்குப் போதும். காய்கறி மூட்டையோடும் கைக்குழந்தையோடும் வருபவருக்கு இருக்கையை விட்டுக்கொடுங்கள். ஊருக்குள் நடக்கும்போது அந்த ஊர் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. விருந்தினரும் கழற்றிவிட வேண்டும். தோடர், கோத்தர் கோவில்களுக்கு அருகே கேட்காமல் போவதும், மனிதர்களைக் கேட்காமல் படமெடுப்பதும் தவறு.

இவற்றைக் கடைப்பிடித்தால் நீங்கள் அந்த ஊருக்குச் சுமை அல்ல. வசூல் குறைவு என்று ஒரு நடையை நிறுத்தும் பேச்சு எழுந்தால் முதலில் அடிபடுவது மலையூர் மக்கள்தான்; ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் அவர்களுக்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. நீங்கள் எடுக்கும் சீட்டு அந்த நடை நிற்காமல் ஓட ஒரு காரணமாகிறது. நீங்கள் குடிக்கும் டீயும் சாப்பிடும் சாப்பாடும் நிறுத்தத்துக் கடைக்குப் போகின்றன.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஒவ்வொரு மலை நிறுத்தத்திலும் வண்டி வரும் நேரத்தையும், கடைசி நடையின் நேரத்தையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். மலையேற்றப் பாதைகளின் தொடக்க நேரத்தைப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் பேருந்தோடு பொருத்த வேண்டும். முன்பதிவுச் சீட்டிலேயே எந்தப் பேருந்தில் வர வேண்டும் என்று அச்சிட்டுக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசினால் போதும். அது நடக்கும் வரை, நீங்கள் ஏறும் ஒவ்வொரு பேருந்திலும் நடத்துநரிடம் கேளுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்து வருபவருக்கும் சொல்லுங்கள்.